மீன்கள் ஏன் விடியற்காலையில் சாகின்றன?

எங்கள் ஊர் ஏரியில் போன மாதம் ஒருநாள் காலை நூற்றுக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. முதல் நாள் மாலை வரை நன்றாகத்தான் இருந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது. உண்மையாக இருக்குமா?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

இருக்கலாம். ஆனால் யாரையும் கைகாட்டுவதற்கு முன்னால், செத்தது எந்த மீன் என்று பாருங்கள். கட்லாவும் ரோகுவும் மிதக்க, விரால் மட்டும் தப்பியிருந்தால் அது பெரும்பாலும் விஷம் இல்லை, மூச்சுத்திணறல். விரால் தலையை மேலே நீட்டிக் காற்றையே சுவாசிக்கும். மற்றவற்றுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விட்டால் வேறு கதியில்லை.

அது எவ்வளவு கொஞ்சம் தெரியுமா? ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது, நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது 7, 8 மில்லிகிராம்தான், தண்ணீர் சூடேற ஏற அதுவும் குறையும். 5 இருந்தால் மீனுக்கு நிம்மதி. 2-க்குக் கீழே போனால் திணற ஆரம்பித்துவிடும்.

சரி, ஏன் ராத்திரியில்? உங்கள் ஏரி பச்சைப்பசேலென்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே விடும். இருட்டிவிட்டால் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், ராத்திரி முழுக்கச் செலவுதான், வரவே கிடையாது. போதாததற்கு முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்து, மழை சாக்கடையை அடித்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அந்தத் தேவையின் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் பக்கம் வரும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் சாக்கடையைச் செரிக்க ஏறக்குறைய 30 லிட்டர் நல்ல தண்ணீரில் உள்ள மொத்த ஆக்சிஜனும் காலி.

ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கு இப்படி ஒரு ஏரிக்கரையில் நின்றிருக்கிறேன். டார்ச் அடித்த இடமெல்லாம் நீர்மட்டத்தில் வட்ட வட்டமாக வாய்கள், திறந்து மூடித் திறந்து மூடி, சப் சப்பென்று ஒரு சத்தம். இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுப்பதாக இருந்தால் சூரியன் வருவதற்கு முன்னால் எடுங்கள், கரைந்த ஆக்சிஜனை அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். மதியம் எடுத்தால் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றுதான் முடிவு வரும்.

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். சத்துகளை உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும், மேலே பாய் விரித்தாற்போல் மூடிவிட்டால் கீழே வெளிச்சமும் போகாது, காற்றும் படாது. அங்கேயே செத்து அழுகினால் உறிஞ்சியதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே. வாரி எடுத்துக் கரையிலேயே குவித்து வைப்பதும் வீண்தான், அடுத்த மழையில் சாறு முழுக்க ஏரிக்குள் போய்விடும். தூரமாகக் கொண்டுபோய் மக்க வையுங்கள்.

பாசி பெருகுவதற்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும் காரணம் என்று படித்தோம். எதை முதலில் நிறுத்த வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி, இதற்கு ஒரு ஏரியே பதில் சொல்லியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘226’ என்று எண்ணிட்ட ஏரியை 1973-இல் சூழலியல் விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவே ஒரு திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் கோடு கிழித்ததுபோல் தெரியும். சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும், பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. எல்லா ஏரியிலும் இப்படியே என்று சொல்ல மாட்டேன், நைட்ரஜனையும் சேர்த்துக் குறைக்க வேண்டிய ஏரிகளும் உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் பாஸ்பரஸ்தான்: சாக்கடை, துணி சோப்புத்தூள், வயலிலிருந்து வழிந்து வரும் டி.ஏ.பி. உரம்.

அப்புறம், பாஸ்பரஸ் வருவதை நிறுத்தினாலும் அடிச்சேற்றில் தங்கியிருப்பது பல வருடம் கசிந்துகொண்டே இருக்கும். கோடையில் ஏரி வண்டலை மாட்டுவண்டியில் அள்ளி வயலுக்கு அடித்தார்களே நம் தாத்தாக்கள், வயலிலிருந்து வந்த பாஸ்பரஸ் அந்த வண்டியில்தான் வயலுக்குத் திரும்பிப் போனது.