தாத்தாவின் மில் டோக்கனைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வணக்கம். சென்னை பின்னி துணி மில்லில் வேலை பார்த்த தாத்தாவின் பித்தளை டோக்கனையும் தறி நாடாவையும் (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் மரக்கட்டை) புளி போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பெரம்பூர் வீட்டு ஹாலில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து புளி வேண்டாம். அதன் அமிலம் கறுப்போடு பித்தளையையும் கொஞ்சம் அரித்துவிடும். டோக்கனில் ஏற்கெனவே தேய்ந்த எண் இன்னும் மழுங்கும். அந்த எண்தானே மில்லில் அவருக்கு அடையாளம்! மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

நாடாவுக்கு வார்னிஷும் வேண்டாம். தறியின் நீளவாக்கு நூலான பாவு நூல்மேல் ஓடி ஓடி வழவழப்பான மரம் அது, பூச்சு ஏறினால் அந்த வழவழப்பு மறைந்துவிடும். இரும்பு முனையில் துரு இருந்தால் மட்டும் மெல்லிய ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்து, நிறமில்லாத மெழுகு தடவுங்கள்.

இரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாட்டுங்கள், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது அவசியம். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

அப்புறம், தாத்தாவின் பெயர், வேலை பார்த்த பிரிவு, வருடங்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களால்தான். பழைய டிரங்குப் பெட்டியில் சங்கச் சந்தா ரசீது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.