பேச மறுக்கும் தாத்தாவைப் பேசவைக்க வேண்டுமா?

கேள்வி: 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் என் தாத்தா. அந்தப் பயணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆழ்மனத்தில் அடக்கிவைப்பது என்கிறார்களே, இதுதானா? பேசவைத்தால் பாரம் இறங்குமா?

பதில்:

தோண்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் ரங்கூன்வாசி. உளவியல் படித்தவன் அல்ல. ஆனால் இதே எண்ணத்தோடு ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்து என்ன செய்துவிட்டுப் போனான் என்பதைக் கண்ணால் பார்த்தவன்.

என் அப்பத்தா ஒன்பது வயதில் நடந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. அதன்பிறகு இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அப்பத்தாவின் குடும்பம் புரோம் போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் தவுங்கப் கணவாய் வழியாகக் கடற்கரைக்கு இறங்கியது. வழியெங்கும் காலரா. போர் முடிந்து திரும்பி வந்தார்கள். வண்டிக்காரன் கேட்ட கூலி, அம்மாவின் முந்தானையில் முடிந்திருந்த நகை, எல்லாம் அப்பத்தாவே சொன்னவைதான். தம்பி எப்படி இறந்தான் என்பது மட்டும் அவரிடம் இல்லை. "காய்ச்சல்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது.

இங்கே தெருவோர மரத்தடிகளில் வழிப்போக்கர்களுக்காக மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். பர்மியர்களுக்கு அது பெரும் புண்ணியம். அப்பத்தா அந்தப் பானையைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். ஒரு வாய் குடிக்கமாட்டார். நாங்கள் மூடியில் கை வைத்தால் மணிக்கட்டைப் பற்றி இழுப்பார், நகம் பதிந்துவிடும். ஏன் என்றால், "தொண்டை கட்டிக்கொள்ளும்." அதை அவர் உண்மையாகவே நம்பினார். தேவகோட்டையில் இருந்த அவருடைய பெரியம்மா மகள் எழுதிய கடிதத்தில்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது: பையன் ஓடைத் தண்ணீரைக் குடித்து, வாந்திபேதியில் ஒரே இரவில் போயிருக்கிறான். பக்கத்தில் படுத்திருந்தவர் அப்பத்தா.

உளப்பகுப்பாய்வு என்ற மனநல முறையைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் பிராய்டு 1915இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: தாங்க முடியாததை மனம் நினைவுக்கு வரவிடாமல் தடுக்கிறது, தடுக்கிறோம் என்பதே தடுப்பவருக்குத் தெரியாது, தடுக்கப்பட்டது வேறு உருவத்தில் வெளிப்படுகிறது. இது ஐரோப்பியச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், மனம் இப்படி அடக்கிவைப்பதைப் பற்றியே 1921இல் ஆய்வேடு தந்தார். மறு வருடமே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே நான் பிராய்டுக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பசியில் வாடிய ஒன்பது வயதுக் குழந்தையின் மனத்தில் அந்த இரவு பதியாமலே போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அதையும் மறுக்கமாட்டேன்.

என் கோபம் தோண்டியவன்மீது. சென்னையில் உளவியல் படித்த உறவுக்காரப் பையன் விடுமுறைக்கு வந்திருந்தான். மத்தியானமானால் அப்பத்தாவை எதிரில் உட்காரவைப்பான். "தம்பி என்ன சட்டை போட்டிருந்தான்? சிவப்பா? உங்களைக் கூப்பிட்டானா?" முதலில் "தெரியாதய்யா" என்றார். பிறகு பேசாமல் இருந்தார். ஒருநாள் உடைந்து அழுதார்: சிவப்புச் சட்டையோடு கிடந்தான், அக்கா என்று கூப்பிட்டான், நான் எழுந்திருக்கவில்லை. அவன் பூரித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அப்பா தேவகோட்டைக்குத் தொலைபேசியில் கேட்டார். அந்தப் பிள்ளைக்குச் சட்டையே கிடையாது, இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும்தான், கடைசியில் பேசும் நிலையிலும் இல்லை என்றார்கள். அதை எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. தம்பி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை என்ற குற்ற உணர்வோடுதான் அப்பத்தா கண்ணை மூடினார்.

நடக்காததை நினைவாக விதைக்க முடியும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்தே காட்டினார். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை உண்மைச் சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார். ஏறக்குறைய நாலில் ஒருவர் அது நடந்ததாகவே "நினைவுகூர்ந்தார்". 1995இல் வெளியான ஆய்வு அது. உளவியல் படித்த அந்தப் பையன் இதைப் படிக்காமலா இருந்திருப்பான்?

ஊர் திரும்பியவன், "பர்மாவில் மிச்சமிருப்பவர்களுக்கெல்லாம் மனநோய்" என்று சொந்தபந்தத்திடம் சொல்லியிருக்கிறான். 1964இல் கடைகள் அரசுடைமையாகி, கப்பல் கப்பலாகச் சனம் போனபோதும் போகாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. மறு வருடம் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. இந்தத் தமிழ் எழுத்தைக் கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கற்றேன். "அங்கே இன்னும் தமிழர் இருக்கிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிலே போதும்.

உங்கள் தாத்தா இரவில் அலறி எழுகிறார், சாப்பிட மறுக்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முறையாகப் பயின்றவர் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கமாட்டார். அப்படி எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நிறம், பெயர், இடம் எதையும் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். எந்த வழியாக வந்தார் என்று மட்டும் எப்போதாவது அவர் வாயிலிருந்து வந்தால் எனக்கு எழுதுங்கள். தவுங்கப் வழி வந்தவர்கள் சொன்னவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லையூரான தமு, மணிப்பூரின் இம்பால் வழியாகப் போனவர்கள் சொன்னது என்னிடம் அதிகம் இல்லை.