சுரங்க மீட்புப் போட்டி: நேரம் மிஞ்சியும் புள்ளிகள் போவது ஏன்?

வணக்கம். அமெரிக்காவில் சுரங்கப் பொறியியல் படிக்கும் உங்கள் அணி, விபத்து நடந்ததாகப் பாவித்த சுரங்கத்தில் சிக்கியவர்களைத் தேடி மீட்கும் களப்போட்டியை நேரத்துக்கு முன்பே முடித்தும் பின்தங்கியதாக எழுதியிருந்தீர்கள். அங்கே ஒவ்வொரு பிழைக்கும் தண்டப்புள்ளி எழுதப்படுகிறது. அது குறைவாக உள்ள அணியே வெல்லும் என்பதால், வேகம் மட்டும் கைகொடுக்காது.

நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், நிறுத்தங்களில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அணியை நிறுத்தி, ஒவ்வொருவரின் மூச்சுக்கருவி முகமூடிப் பட்டையையும் ஆக்சிஜன் அழுத்தமானியையும் தலைவர் பார்த்தாக வேண்டும். கூரையைத் தட்டிப் பார்க்காமல் யாரும் முன்னே செல்லக்கூடாது. சென்ற இடத்தில் தேதியையும் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தலைவர் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு காற்றோட்டத்தில் நேர்கிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும். ஆகவே உயிரோடிருப்பவர் எங்கே, தீப்பொறி எங்கே என்று அறியுமுன் மின்விசிறியை இயக்கினால், காப்பாற்றப் போனவர் மீதே அந்த வாயுவைத் தள்ளிவிடுவீர்கள்.

வரைபடம் குறிப்பவரைத் தலைவருக்கு அருகிலேயே நிறுத்தி, திடலில் கயிறு கட்டிச் சுரங்கப் பாதை அமைத்து, கடிகாரமே இல்லாமல் ஒரு மாதம் பழகுங்கள்.