ஐந்து நட்சத்திரத்துக்கு நூறு ரூபாய்

கேள்வி: வாட்டர் ஹீட்டர் பெட்டிக்குள் ஓர் அட்டை. ‘5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய்’ என்கிறது. அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வாங்கப்போகிறவரை ஏமாற்றத் தரும் கூலி அது. நான் வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்போடும் இதே அட்டைதான் வந்தது. மூன்றாம் மாதம் கண்ணாடி விரிசல் விட்டது. படம் எடுத்துப் போட்ட என் விமர்சனத்தைத் தூக்கிவிட்டார்கள், புகழ்மாலைகள் மட்டும் அப்படியே தொங்குகின்றன. விற்பவர் வாடிக்கையாளர் வேஷத்தில் விமர்சனம் எழுதக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. எழுதுபவரைச் சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்று 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கான ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தரநிலையும் வந்தது. ஆனால் அதை ‘விரும்பினால் பின்பற்றலாம்’ என்றுதான் கொண்டுவந்தார்கள். ஹெல்மெட்டுக்கும் குக்கருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அவற்றை வாங்கவைக்கும் வார்த்தைக்கு மட்டும் விருப்பமா? அட்டையைப் படம் எடுத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

கேள்வி: 299 ரூபாய் இயர்பட்ஸ், 4.8 ஸ்டார். வாங்கலாமா?

பதில்: ஒன்று, இரண்டு ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் சர்வீஸுக்கு மேப்பில் இருந்த எண்ணை அம்மா அழைத்தார். ஏதோ ஆப்பை ஏற்றச் சொல்லி 18,000 ரூபாயை எடுத்துவிட்டார்கள். ஆத்திரத்தில் அவரைத் திட்டிவிட்டோம்.

பதில்: முதலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். மேப்பில் கடையின் எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அது அவருக்கு எப்படித் தெரியும்? உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இனி சர்வீஸ் எண்ணை வாரன்ட்டி அட்டையில் பாருங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சோஃபாவுக்கு முழுப் பணமும் கட்டினேன். கமெண்ட் எல்லாம் நன்றாக இருந்தது. இப்போது பிளாக் செய்துவிட்டார்கள்.

பதில்: பில் இல்லை, முகவரி இல்லை, முழுப் பணம்! 1930-ஐ அழையுங்கள். அடுத்த முறை கமெண்ட்டைப் பார்க்காமல் கடையைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ஸ்டார் போட்டதற்கு அவதூறு வழக்கு போடுவேன் என்று கடைக்காரர் மிரட்டுகிறார்.

பதில்: பில்லும் படமும் இருக்கிறதா? எழுதியது உண்மையா? அப்படியானால் விமர்சனத்தை எடுக்காதீர்கள். பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கோபத்தில் ‘திருடன்’ என்று எழுதியிருந்தால் அந்த வார்த்தையை மட்டும் நீக்கிவிட்டு, தேதி, பில் எண், நடந்தது எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள்.