ஒரு துளிக்கு ஒரு செல் என்று கணக்குப் போட்டும் ஏன் இரண்டு, மூன்று விழுகின்றன?

பெங்களூரு ஆய்வகத்தில் நுண்பாய்வுச் சில்லு (மயிரிழைக் கால்வாய்களில் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை உருவாக்கி, அவற்றில் செல்களை அடைக்கும் சிறு கருவி) ஓட்டும் மாணவர் கேட்டது இது. கணக்கே காலை வாருகிறது. செல்கள் வரிசையில் நின்று துளிக்குள் ஏறுவதில்லை. பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கின்படி தற்செயலாக விழுகின்றன. துளிக்குச் சராசரி 1 செல் என்று வைத்தால் 37% துளிகள் காலி, 37% ஒற்றை, மீதி 26% துளிகளில் இரண்டோ அதற்கு மேலோ.

சராசரியை 0.1க்கு இறக்குங்கள். 90% துளிகள் வீண்தான். ஆனால் செல் உள்ள துளிகளில் சுமார் 95% ஒற்றை. 60 மைக்ரான் துளியின் கொள்ளளவு ஏறக்குறைய 113 பிக்கோலிட்டர். அதற்கு மில்லிலிட்டருக்கு 9 லட்சம் செல்கள் போதும். துளிகள் வீணாவதில் கஞ்சத்தனம் கூடாது: ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனியே படிக்கும் சோதனையில் இரண்டு செல்களின் ஆர்என்ஏ கலந்தால், புற்றுநோய்க் கட்டியில் இல்லாத ஒரு செல்வகை இருப்பதுபோல் தோன்றும்.

கணக்கு சரியாகியும் இரட்டைகள் வந்தால் கட்டி கட்டியாக ஒட்டிய செல்களே காரணம். 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுங்கள். ஓட்டம் நீண்டால் செல்கள் அடியில் படிந்து, துளிக்குள் போகும் செல்களின் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் மாறும். ஆப்டிப்ரெப் என்ற அடர்த்தி கூட்டும் கரைசலைச் சேர்த்துத் திரவத்தின் அடர்த்தியைச் செல்லுக்கு இணையாக்கலாம்.

துளியின் அளவே ஒழுங்கில்லையா? பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) பாய்ச்சி ஒட்டிய பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சில்லின் சுவர் சில காலம் நீரை ஈர்க்கும். துளி சுவரில் ஒட்டி இழுபடும். நீர்விலக்கிப் பூச்சு கொடுத்துவிட்டு, முதலில் எண்ணெயை ஓடவிடுங்கள். குழாயில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் இத்தனையும் வீண்.