கபிட்சாவின் காந்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இயற்பியலாளர் பியோத்தர் கபிட்சாவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை என் மகள்தான் வாசிக்கத் தந்தாள். நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறாள். மிக வலிமையான காந்தப்புலங்களில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். வீட்டில் எல்லோரும் பி.எட். போடச் சொல்கிறார்கள். "முடிச்சு வர முப்பது வயசாவும், பிறகு யாரு கெட்டுவா" என்கிறாள் என் அக்கா. நான் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு இதெல்லாம் தெரியாது. இந்தத் துறையில் ஒருவர் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்?

ஒரு வாசகர், திங்கள்சந்தை

அன்புள்ள நண்பருக்கு,

வாழ்நாளில் பாதி கருவி செய்வதிலேயே போகும். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் எல்லாம் பிரிப்பதில் காந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாகர்கோவில் ஸ்கேன் சென்டர்களில் எம்.ஆர்.ஐ. காந்தம் பெரும்பாலும் ஒன்றரை டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைப் போல அது 35,000 மடங்குக்கு மேல். ஆனால் இந்தத் துறைக்காரர்களுக்கு அது ஆரம்பம்கூட இல்லை. இவ்வளவு வலிமையான புலம் வேண்டுமென்றால் செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் விட வேண்டும். புலத்தை இரட்டித்தால் அந்தச் சுருளை வெளிப்பக்கம் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 டெஸ்லாவில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட 40,000 மடங்கு. செம்பு தாங்காது, கிழிந்துவிடும்.

1920-களில் கேம்பிரிட்ஜில் அணு விஞ்ஞானி ரதர்ஃபோர்டிடம் இருந்தபோது கபிட்சாவுக்கு வேறொரு தொல்லையும் சேர்ந்தே இருந்தது. பெரிய மின்சாரத்தை விட்டால் சுருள் உருகும். சரி, உருகுவதற்குள் நிறுத்திவிட்டால் என்ன? பெரிய ஜெனரேட்டர் ஒன்றைச் செய்வித்து, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் அதை ஷார்ட் சர்க்யூட் செய்தார். அப்போது ஜெனரேட்டர் கொடுக்கும் உதையில் தரையே அதிரும், அளவீடு கெட்டுப்போகும். அதனால் சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார், அதிர்வு தரை வழியே அங்கே வந்து சேரும்போது சோதனை முடிந்திருக்கும்! 30 டெஸ்லாவுக்கு மேல் அப்படிக் கிடைத்தது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது புல்லரிக்கும்.

1934-ல் சோவியத் நாட்டுக்குப் போனவரைத் திரும்ப விடவில்லை. அவருடைய கருவிகளைச் சோவியத் அரசு விலைக்கு வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. அங்கே அவர் 1937-ல் திரவ ஹீலியத்தின் மீப்பாய்மத் தன்மையை, அதாவது கடுங்குளிரில் அது உராய்வே இல்லாமல் ஓடுவதைக் கண்டுபிடித்தார். 1978-ல் நோபல் பரிசு வந்தது. அதுவும் காந்தத்துக்கு இல்லை, குளிர்நிலை இயற்பியலுக்கு. வயது அப்போது 84.

அப்புறம், எல்லோரும் காந்தம் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் கிளாஸ் ஃபான் கிளிட்ஸிங் 1980-ல் பிரான்ஸில் கிரனோபிள் காந்த ஆய்வகத்தில் அளந்ததுதான் குவாண்டம் ஹால் விளைவு (வலிமையான காந்தப்புலத்தில் ஒரு வகை மின்தடை படிக்கட்டு போலத் தாவித் தாவி மாறுவது), ஐந்தே வருடத்தில் நோபல். இன்றும் சிறிய படிகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே விண்ணப்பித்து நேரம் வாங்கி, இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்குப் போய் இரவு பகலாக அளந்து வருகிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 2012-ல் சுருள் உடையாமலே 100 டெஸ்லாவைத் தொட்டார்கள். ஜப்பானில் 2018-ல் 1,200 டெஸ்லா, ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் சுருள் வெடித்துச் சிதறிவிடும், மறுபடி புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆகவே மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். லேபில் ஒரு கருவி மக்கர் செய்தால் அதைத் திறந்து பார்க்கக் கை பரபரக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தடுக்காதீர்கள், ஆராய்ச்சிப் படிப்புக்கான தேர்வுகளான நெட், கேட், ஜெஸ்ட் மூன்றையும் எழுதட்டும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, அதை உங்கள் அக்காவிடமும் சொல்லுங்கள். பி.எட். எங்கும் ஓடிவிடாது, பிறகும் படிக்கலாம்.