வாக்குத்தத்த அட்டையில் பதில் வரலையா?

சகோதரி, துபாய் நர்ஸ் வேலைக்குப் போவதா, தண்டையார்பேட்டையில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவோடு இருப்பதா என்று மூன்று முறை வாக்குத்தத்த அட்டை (வேத வசனம் எழுதிய அட்டை) எடுத்தேன், மூன்றும் வேறு வேறாக வந்தது என்றீர்கள். அட்டையை வைத்துவிடுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வசனம் சொல்ல அப்போஸ்தலன் பவுலை ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்கும் விடவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான், மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி ஒருவன் அழைக்கும் தரிசனம். அடைபட்ட வழியும் நடத்துதல்தான், சகோதரி.

எனக்கும் ராயபுரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட வருஷம் வெளியூர் வேலை வந்தது. ஒருநாள் விடியற்காலையில் கஞ்சி ஊட்டும்போது, கரண்டி பிடித்த என் கையை அவர் விடவே இல்லை. ஜெபித்தேன், மனசு அமர்ந்தது, இருந்துவிட்டேன். உங்களுக்கும் அதேதான் என்று சொல்லமாட்டேன். அம்மாவிடமே கேட்டீர்களா? இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.